துளசிமணியின் காக்கிச் சட்டை

தட்டைத் தட்டிக்கொண்டே இருக்கிறேன். எவர்சில்வர் தட்டு, குழம்புக் கரண்டி. இந்தச் சத்தத்தில் பாதிதான் எனக்குக் கேட்கும். அந்தப் பாதிகூட மதில்மேல் உட்கார்ந்திருக்கிற மயில்களுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. ஐந்தும் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்க்கின்றன, நாலு பெட்டை, ஒரு ஆண். ஆணுக்கு மேனேஜர் என்று நான்தான் பேர் வைத்தேன். மில்லில் எங்கள் மேனேஜர் இப்படித்தான் ரவுண்ட்ஸ் வருவார், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, யாரையும் பார்க்காத மாதிரி எல்லாரையும் பார்த்துக்கொண்டு. பாருங்கள் சார், நன்றாகப் பாருங்கள், மிச்சம் இருப்பது ஒரு பாத்தி முளைக்கீரை, நாலு தக்காளிச் செடி, அதில் பதினோரு காய், அவ்வளவுதான். கத்தரி போயாயிற்று. மிளகாய் மொட்டையாகிவிட்டது. அவரைப் பந்தலில் பூ ஒன்றுகூட இல்லை. கீரை இது நாலாவது விதைப்பு, முதல் மூன்றும் இரண்டு இலை விட்டவுடன் உங்கள் வயிற்றுக்குள் போய்விட்டன. இந்த ஒன்றை மட்டும் இன்னும் ஒன்றரை மணி நேரம் விட்டுவையுங்கள், அதற்கப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். திருப்பூரில் மகள் பிருந்தா வீட்டிலிருந்து ஆறரைக்குக் கிளம்பிவிட்டார்கள். இப்போது ஏழு பத்து. எட்டரைக்குள் துளசிமணி வாசலில் வந்து இறங்கிவிடுவாள், எழுபத்திமூன்று நாளைக்கு அப்புறம், வாக்கரைப் பிடித்துக்கொண்டு. இறங்கியதும் வீட்டுக்குள் போகமாட்டாள், நேராக இங்கேதான் வருவாள், நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு இதுகூடத் தெரியாதா. போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிவிட்டாள். "நான் வந்து ஒருக்கா பாக்கறனுங்க. செடியெல்லாம் நல்லா இருந்தா அங்கயே இருந்துக்கறேன். போயிருச்சுன்னா, இனி மொதல்ல இருந்து குனிஞ்சு நிமுந்து என்னால ஆவாதுங்க. பிருந்தா சொல்ற மாதிரி நீங்களும் துணிமணிய எடுத்துட்டு இங்கயே வந்துருங்க." நான் என்ன சொன்னேன்? நல்லா இருக்குது அம்மிணி என்றேன். எழுபத்திமூன்று நாளும் அதையேதான் சொல்லியிருக்கிறேன். கத்தரி நல்லா இருக்குது. மிளகா நல்லா இருக்குது. அவரை பூத்துத் தள்ளுது. பொய் சொல்லும்போது என் குரல் பெரிதாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் காது கேட்காதவன் குரல் எப்போதுமே பெரிதுதான், அதில் அவளாலும் கண்டுபிடிக்க முடியாது.

காதை மில்லுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். முப்பத்தாறு வருடம் நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் பக்கத்தில் ஃபிட்டர் வேலை. பஞ்சு பரவாயில்லை, தலையைத் தட்டிவிட்டால் போய்விடும், சத்தம் அப்படியில்லை, உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ரிட்டயர் ஆகி வீட்டிலிருந்த முதல் நாள், அடடா வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இவள் பின்னால் நின்று ஐந்து நிமிடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றிலிருந்து என்னிடம் கத்தித்தான் பேசுவாள். எதிர்வீட்டு சாவித்திரி, தினமும் சண்டை போலிருக்கிறது என்று ஒரு நாள் சமாதானம் பேசவே வந்துவிட்டது. சண்டையெல்லாம் இல்லை, சாயந்திரம் உப்புமா போதுமா என்று கேட்டாள் என்று சொல்லி அனுப்பினேன். தட்டைத் தட்டு நாச்சிமுத்து, தட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், இரண்டு பெட்டை மதிலில் இந்தப் பக்கமாகத் திரும்பிவிட்டன. நான் என்னதான் செய்யவில்லை? பழைய கேசட்டுகளைப் பிரித்து நாடாவைப் பாத்தியைச் சுற்றி இழுத்துக் கட்டினேன், காற்றில் அது விர்ரென்று பாடுமாம், பாடியிருக்கும், எனக்குக் கேட்கவில்லை, அதுகள் குனிந்து அடியில் நுழைந்து வந்தன. சிடி தொங்கவிட்டேன், பெட்டைகள் அதில் முகம் பார்த்துக்கொண்டன. டேபிள் ஃபேன் மோட்டாரில் சங்கிலி மாட்டித் தகர டின்னைத் தட்டுகிற மாதிரி ஒரு மிஷினே செய்தேன், ஃபிட்டர் புத்தி எங்கே போகும், இரண்டு நாள் மிரண்டு ஓடின, மூன்றாம் நாள் மேனேஜர் அந்த டின் மேலேயே ஏறி நின்று வாயைத் திறந்து அகவினார். கல்லை எடுத்தால் சாவித்திரி கேட்டுக்கு வந்துவிடும். "ஏனுங்ணா, முருகனோட வாகனமுங்க, கல்லக் கில்ல எறிஞ்சுறாதீங்க, கும்பிட்டுட்டு உட்டுருங்க." எங்கள் வீடு மருதமலை முருகன் கோயிலுக்குக் கீழேதான். அவருக்கு மலைமேல் இடமில்லையா, வாகனத்தை என் வீட்டில்தான் நிறுத்த வேண்டுமா என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் மயிலுக்கு எதிரி இல்லை. ஒழுங்காக இருக்க வேண்டும் என்கிறவன். நாலு வருடத்துக்கு முன்னால் துளசிமணி மிச்சச் சோற்றை அதுகளுக்குப் போட்டதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே சொல்லிவிட்டேன், ஒறம்பரைக்கு ஒரு நாள் விருந்து வைக்கலாம், தினமும் இலை போட்டால் தின்னுபோட்டு இங்கேயே படுத்துக்கொள்ளும், இனிமேல் ஒரு பருக்கை போடக்கூடாது என்று. சரிங்க என்றாள். அதற்கப்புறம் போட்டதில்லை.

விரட்டுவதில் அவளுக்கு இருந்த சாமர்த்தியம் எனக்கு வரவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் இருந்தவரைக்கும் ஒரு தக்காளி போனதில்லை. மயில்கள் அப்போதும் தினமும் வந்தன, ஆனால் பாத்தியில் வாய் வைக்காது. காலையில் ஆறரைக்கு நான் நடக்கப் போய்விடுவேன், அடிவாரம் வரைக்கும் போய் ஒரு டீயைக் குடித்துவிட்டு ஏழரைக்குத் திரும்புவேன், அதற்குள் அவள் வேலையை முடித்துவிடுவாள். மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் போகாமல் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சேலைக்கு மேலே என்னுடைய பழைய காக்கிச் சட்டை, மில் சட்டை, முழுக்கை, தலையில் துண்டு, கையில் கம்பு, இதுதான் அவளுடைய தோட்டத்து யூனிஃபார்ம். கம்பை ஓங்கிக்கொண்டு வீட்டுப் பின்பக்கம் வேகமாகப் போனாள், ஐந்து மயிலும் அவளுக்கு முன்னால் விழுந்தடித்து ஓடின. என்ன ஒரு மிரட்டல், என்னை மட்டுமா மிரட்டுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அதை நினைத்துத்தான் நேற்று சாயந்திரம் இந்த பொம்மையைச் செய்தேன். அரை இஞ்ச் பைப் இரண்டு, நடுவில் குறுக்கே சேர்க்க ஒரு டீ ஜாயின்ட், தலைக்குத் தேங்காய் நார் அடைத்த பை. அவளுடைய பச்சை நூல் சேலை ஒன்றைச் சுற்றி, மேலே அந்தக் காக்கிச் சட்டையையே மாட்டி, தலையில் துண்டைக் கட்டி, கீரைப் பாத்தி ஓரமாக நட்டு வைத்துவிட்டேன். இதுகளுக்கு என்னிடம் பயமில்லை, அவளிடம்தானே பயம், அவளையே நிறுத்திவிட்டால்? நட்டு முடித்து நாலு அடி பின்னால் வந்து பார்த்தபோது எனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது. தோள் கொஞ்சம் கோணலாக, வலது கை தூக்கலாக, அவள் நிற்கிற மாதிரியே நின்றது. மண்கூட அப்படியே இருந்தது அந்தச் சட்டைத் தோளில். எழுபத்திமூன்று நாளாக ஸ்டோர் ரூம் ஆணியில் தொங்கிய சட்டை. அவள் விழுந்த அன்றைக்கு சாவித்திரி கழற்றி அங்கே மாட்டியது. துவைக்கப் போட வேண்டும், துவைக்கப் போட வேண்டும் என்று இரண்டு தடவை கையில் எடுத்தேன், இரண்டு தடவையும் திரும்ப ஆணியிலேயே மாட்டிவிட்டேன்.

விழுந்தது அந்தக் குழாயடியில். இல்லை, அதை இப்போது நினைக்க வேண்டாம், தட்டைத் தட்டு, ஏழே முக்கால் ஆகிறது, அவிநாசி தாண்டியிருப்பார்கள். நினைக்காவிட்டால் மட்டும் என்ன, கண்ணுக்கு நேராக இருக்கிறது குழாய், சொட்டில்லாமல், காய்ந்த தரையோடு, என்னைப் பார்த்துக்கொண்டு. ஒரு வாஷர். அவ்வளவுதான் விஷயம். குழாய் சொட்டுது, பாசி புடிச்சு வழுக்குதுங்க என்று மார்கழியிலேயே சொன்னாள். நாளைக்கு என்றேன். பொங்கலுக்கு முன்னால் சொன்னாள். நாளைக்கு அம்மிணி என்றேன். ஊரில் உள்ள மோட்டாரையெல்லாம் கழற்றி மாட்டிக் கொடுப்பேன், கையிலேயே ஸ்பேனர் இருக்கும், என் வீட்டுக் குழாய்க்கு மட்டும் நாளைக்கு. அன்றைக்கு நடந்துவிட்டு ஏழரைக்கு வருகிறேன், வந்தால் நேராகப் பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவதுதான் வழக்கம். கேட்டைத் திறக்கும்போது வீட்டை ஒட்டின சந்து வழியாகப் பார்த்தால் பின்பக்கம் மயில் தெரிகிறது, ஒன்றல்ல, ஐந்தும், வட்டமாக நிற்கின்றன. அட, இவள் இல்லையா, மேய விட்டுவிட்டு எங்கே போனாள் என்று ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு ஓடினேன், எறிந்தேன், பறந்து மதில்மேல் ஏறின, வட்டம் காலியானது, நடுவில் துளசிமணி கிடந்தாள். கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தாள். அரை மணி நேரமாகக் கூப்பிட்டாளாம். கத்தினாளாம். நான் அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன், கேட்டுக்கு வந்த பிறகும் எனக்கு எங்கே கேட்கப்போகிறது, சாவித்திரியும் கோயிலுக்குப் போய்விட்டு அப்புறம்தான் வந்தது. இடுப்பு எலும்பு. ஆபரேஷன், ஆஸ்பத்திரி, அப்புறம் அங்கிருந்தே பிருந்தா வந்து திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள், மகள் செய்ததில் தப்பில்லை. ஆபரேஷன் முடிந்த அன்று சாயந்திரம் வீட்டுக்குச் சேலை எடுக்க வந்தவன் முதல் வேலையாக அந்த வாஷரை மாற்றினேன். இரண்டு நிமிடம் ஆயிற்று. துளசிமணி அதைப் பற்றி இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

சட்டைப் பையில் போன் அதிர்கிறது. ஸ்பீக்கரில் போட்டுக் காதோடு வைத்துக்கொள்கிறேன். "அப்பா, லாலி ரோடு வந்துட்டோம்ப்பா. இன்னும் இருபது நிமிசம்." அதற்குள்ளா? "மெதுவா வாங்க கண்ணு, அவசரமில்ல." "ஏம்ப்பா, அம்மா கேக்கறாங்க, தக்காளி பழுத்துருச்சான்னு." "பழுத்துக் கெடக்குது. வந்து பாக்கச் சொல்லு." பின்னால் அவள் என்னவோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயம். வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதெல்லாம் பெரிய விஷயமில்லை, அங்கே பிருந்தா வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இருக்கிறது, மாப்பிள்ளை தங்கமானவர், சோபாவில் எனக்கென்று ஒரு மூலைகூட ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். போன மூன்று தடவையும் அந்த மூலையில் உட்கார்ந்து துளசிமணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறாள். வெண்டைக்காய் நறுக்குகிறாள். யாரும் அவளுக்கு ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் கத்துவதை விட்டுவிட்டாள். பக்கத்து ஃப்ளாட்டுக்குக் கேட்கும் என்று மெதுவாகப் பேசப் பழகிக்கொண்டாள். என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள், நான் தலையாட்டினேன், என்ன சொன்னாள் என்று தெரியாமலே. இரண்டாவது தடவை போனபோது நான் தலையாட்டியதைப் பார்த்துவிட்டு, பூண்டுக்குத் திரும்பிக்கொண்டாள். இந்த உலகத்தில் எனக்கு முழுசாகக் கேட்கிற குரல் அவளுடையது ஒன்றுதான். அது போய்விட்டால் நான் எதை வைத்துக்கொண்டு இருப்பேன்? கீரை முளைத்தால் அவள் இருப்பாள், அவள் இருந்தால் கத்துவாள், அதனால்தான் அறுபத்தெட்டு வயதில் ஒரு ஆள் விடிந்ததிலிருந்து தட்டைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

தட்டு. தட்டு எங்கே? போன் எடுக்கக் கீழே வைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் மதில் காலி. இறங்கிவிட்டன. ஐந்தும் இறங்கிவிட்டன. மேனேஜர் முன்னால், பெட்டைகள் பின்னால், அவரைப் பந்தலைத் தாண்டி, தக்காளியைத் தாண்டி, கீரைப் பாத்திக்குள்ளேயே கால் வைத்து வருகின்றன. முடிந்தது. இன்னும் இருபது நிமிடம்தானே கேட்டேன். எழுந்திருக்கப் பார்க்கிறேன், ஒரே இருப்பாக உட்கார்ந்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டது. நாற்காலிக் கையைப் பிடித்து அரைகுறையாக நிற்கும்போதுதான் கவனிக்கிறேன், ஒன்றுகூடக் குனியவில்லை. கீரையை மிதித்துக்கொண்டு போகின்றன, தின்னவில்லை. நேராக பொம்மைக்குப் போகின்றன. போய் அதைச் சுற்றி நிற்கின்றன. வட்டமாக. கழுத்தைத் தூக்கி அந்தத் துண்டு கட்டிய தலையைப் பார்க்கின்றன. இதை எங்கே பார்த்திருக்கிறேன்? பயந்த மாதிரி இல்லையே. பயந்தால் இப்படியா நிற்கும், ரேஷன் கடை திறக்கக் காத்திருக்கிற மாதிரி. ஒரு பெட்டை கிட்டே போய்க் காக்கிச் சட்டையின் கீழ்ப்பையைக் கொத்தியது. இன்னொரு தடவை. பையின் ஓரத்திலிருந்து என்னவோ வெள்ளையாக உதிர்ந்தது, கொஞ்சம், கொஞ்சம், ஐந்தும் குனிந்தன. நான் கிட்டே போனேன். இரண்டு அடி நகர்ந்து எனக்கு வழி விட்டன, அவ்வளவுதான். பைக்குள் கை விட்டேன். அரிசி. ரேஷன் அரிசி, ஒரு பிடி இருக்கும்.

எவ்வளவு பெரிய முட்டாள் நான். ரேஷன் அரிசி எங்கே இவ்வளவு சீக்கிரம் தீருகிறது என்று கேட்டால் இட்லிக்குப் போட்டேன் என்பாள், இரண்டு பேர் தின்கிற இட்லிக்கு அவ்வளவு அரிசியா என்று ஒரு நாளாவது யோசித்தேனா. மழை நாளில் ஜன்னல் வழியாக நான் பார்த்தது விரட்டல் இல்லை. இலை போடுகிற இடம் தெரிந்து அதுகள் முன்னால் ஓடின, இவள் பின்னால் போனாள், கம்பு எனக்காகப் பிடித்தது. பின்மதில் ஓரமாகப் போட்டு வயிற்றை நிறைத்து அனுப்பிவிட்டால் பாத்திக்கு ஏன் வரப்போகின்றன? நாலு வருடம் இந்தத் தோட்டத்துக்கு வேலியே அந்தப் பிடி அரிசிதான். அவள் போனாள், அரிசி போயிற்று, அதுகள் கத்தரிக்கு வந்தன, நான் ஃபேன் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தக் கையிலிருக்கிற அரிசி அன்றைக்குள்ளது. போடத்தான் போயிருக்கிறாள். போகிற வழியில் என் குழாயடி. பையில் அரிசியோடு விழுந்து கிடந்தாள், அதுகள் வட்டமாக நின்றன, போடுவாள் என்று நின்றனவோ, எழுந்திருப்பாள் என்று நின்றனவோ, அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் நான் கல்லோடு ஓடினேன், இல்லையென்றால் பேப்பரோடு உள்ளே போயிருப்பேன். நான் கேட்காததை அதுகள் எனக்குக் காட்டின. நான் கல்லால் அடித்தேன். மன்னிச்சுக்கங்க சார் என்று மேனேஜரிடம் வாய்விட்டே சொன்னேன், அழுகையும் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ள நேரமில்லை, ஸ்டோர் ரூமுக்குப் போனேன். சிமென்ட் மூட்டைக்குப் பின்னால் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. நாற்பது வருடம் எனக்குத் தெரியாமல் அவளால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், டின்னில் பாதிக்கு மேல் அரிசி. கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன், டின்னைப் பார்த்ததும் ஐந்தும் பாத்தியை விட்டு வெளியேறி எனக்கு முன்னால் விழுந்தடித்துக்கொண்டு ஓடின. பின்மதில் ஓரமாக ஒரு பிடி போட்டேன். இன்னொரு பிடி. எழுபத்திமூன்று நாள் பாக்கிக்கு இன்னும் ஒரு பிடி.

கார் வந்தது எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது சந்து முடிகிற இடத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு துளசிமணி நிற்கிறாள், பின்னால் பிருந்தா கையை நீட்டிக்கொண்டு, தொட்டும் தொடாமலும். இளைத்துவிட்டாள். தலை இன்னும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. என்னைப் பார்க்கவில்லை, கத்தரி இருந்த இடத்தைப் பார்த்தாள், மிளகாயைப் பார்த்தாள், பந்தலை மேலிருந்து கீழே பார்த்தாள், மிதிபட்ட கீரையைப் பார்த்தாள். பிருந்தா உதடு அசைவது தெரிந்தது, கிட்டே வந்ததும் கொஞ்சம் கேட்டது. "பாத்தியாம்மா, ஒண்ணுமே இல்ல. நான் அப்பவே சொன்னேன்ல, அப்பாவால ஒத்தையில முடியாதுன்னு. வா, துணி எடுத்துட்டுப் போலாம்." துளசிமணி மெதுவாக என்னவோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. தலையாட்டாமல் நின்றேன், இனிமேல் தெரியாமல் தலையாட்டப் போவதில்லை. "பொய்தான் சொன்னேன் அம்மிணி," என்றேன், "எழுபத்திமூணு நாளும். கொழாய மட்டும் சரி பண்ணிட்டேன்." அவள் குழாயைப் பார்த்தாள். அப்புறம் பாத்தி ஓரத்தில் காக்கிச் சட்டையோடு கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவளைப் பார்த்தாள், நார் தலையை, கோணல் தோளை, மண்ணை. என் கையிலிருந்த டின்னைப் பார்த்தாள். டின்னிலிருந்து அவள் கண் பின்மதிலுக்குப் போயிற்று, அங்கே ஐந்தும் தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தன. அவள் முகம் மாறியது, திருட்டு அகப்பட்டவள் முகம், அதற்கு மேலே சிரிப்பு வந்தது, சிரிப்போடு மூச்சை இழுத்து, எதிர்வீட்டு சாவித்திரி கேட்டுக்கு ஓடி வருகிற அளவுக்குக் கத்தினாள். "ஏனுங்க! எத்தன புடி போட்டீங்க?" மூன்று என்று விரலைக் காட்டினேன். "மூணா! ரெண்டுக்கு மேல போட்டா மத்தியானமும் வந்து நிக்குமுங்க! நாளையிலிருந்து ரெண்டே புடிதான், தெரிஞ்சுதுங்களா? அப்பறம் கீரைய இத்தன நெருக்கமா ஆரு வெதைக்கச் சொன்னா? பிருந்தா, நீ ஏன் நின்னுட்டிருக்கற, கார்ல இருக்கற என்னோட பையெல்லாம் எறக்கி உள்ள வெய்யி கண்ணு!" ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது.